இலையில் எந்த உருளைக்கிழங்கை வைப்பது, தனம்?

கோவித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும், என் தனமே,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கலாமா என யோசித்தேன். நீ போன இடத்திலிருந்து உன் நலத்தை எந்தத் தபால்காரர் வந்து சொல்லப் போகிறார்? பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன் எழுதுகிறேன். தப்பு இருந்தால் எப்போதும் போலச் சிரித்துவிட்டு விட்டுவிடு.

வருகிற புதன்கிழமை வந்தால் நீ போய் ஒரு வருஷம். வாழையிலைக்குச் சொல்லியாகிவிட்டது. படையலில் வைக்கப் புடவையும் எடுத்தாகிவிட்டது. கலர் பிடிக்கவில்லை என்றால் உன் மகள் மாலதியைக் கேள். நான் காட்டியதையெல்லாம் “அம்மா இதக் கட்டாதுப்பா” என்று தள்ளியவள் அவள்தான். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. உனக்குப் பிடித்த பதார்த்தத்தைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

உருளைக்கிழங்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அரியலூர் மார்க்கெட்டில் மற்ற காய்களை அள்ளிப் போடச் சொல்லிவிட்டு, கிழங்கை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் எந்த உருளைக்கிழங்கு, தனம்?

வறுவல்தான் என்று நான் சத்தியமே செய்வேன். பொடிப்பொடியாக நறுக்கி, இரும்புச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், மூடி போடாமல், ஓரமெல்லாம் முறுகும் வரை பிரட்டி, கடைசியில் மிளகாய்த்தூள். அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து எனக்கு ஒரு கை, உனக்கு ஒரு கை. மாலதியிடம் இதைச் சொன்னேன்.

“அது உங்களுக்குப் புடிச்சதுப்பா. அம்மாவுக்குப் பொடிமாஸ்தான் உசுரு. வேகவச்சு, கையால உதுத்து, இஞ்சி பச்ச மொளகா தாளிச்சு, எறக்குனப்புறம் எலுமிச்சம்பழம் புழியும். நான் ஸ்கூல் வுட்டு வந்ததும் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புடுவோம்.”

ஓசூரில் வேலை பார்க்கும் உன் மகன் கதிருக்குப் போன் போட்டேன். “ரெண்டு பேருமே தப்பு. சோம்பும் தேங்காயும் அரச்சு ஊத்தி, கறிக்கொழம்பு மாதிரி வைக்கும்ல அம்மா, அதான். இட்லிக்குத் தொட்டுக்கிட்டு எங்கூடப் போட்டி போட்டுச் சாப்புடும்,” என்றான்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரோடும் நீ ரசித்துத்தான் சாப்பிட்டிருக்கிறாய். அப்படியானால் என்ன அர்த்தம்? எடை மேடையில் உட்கார்ந்து சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டே ஒரு வாரம் இதையே யோசித்தேன். லாரி ஏறி நிற்கும்போதே அதில் எவ்வளவு கல் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளைப் பற்றிக் கேட்டால் தெரியவில்லை.

எறையூரில் இருக்கும் உன் தங்கச்சி ராணியைக் கேட்டேன்.

“எங்க வூட்டுல கத்திரிக்காயும் முருங்கக்கீரையுந்தான் மாமா. உருளக்கெழங்கெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல். அக்காவுக்கு அத எப்புடிச் செஞ்சாப் புடிக்கும்னு உங்க வூட்டுக்கு வந்தப்புறந்தான தெரிஞ்சிருக்கும்? நீங்கதான் சொல்லணும்.”

“மூணையும் வச்சிட்டா?”

“வைங்க. அது உங்க மூணு பேருக்கும் புடிச்சது. எங்கக்காவுக்குப் புடிச்சது எங்க?”

போனை வைத்த பிறகும் காது சுட்டது.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை மாலதி பெரம்பலூரில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தாள். மூன்றையும் நானே சமைத்து, மூன்று இலைத்துண்டில் போட்டு, மொட்டை மாடிச் சுவரில் வரிசையாக வைத்தேன். காக்கா எதில் முதலில் வாய் வைக்கிறதோ அதுதான் உனக்குப் பிடித்தது என்று முடிவு.

“தெவசத்துக்கு ஒத்திகை பாக்குற ஒரே ஆளு நீங்கதாம்ப்பா,” என்றாள்.

ஒரு காக்கா வந்து வறுவலைக் கொத்தியது. ஜெயித்துவிட்டேன் என்று கையைத் தூக்குவதற்குள் இன்னொன்று வந்து அதை விரட்டிவிட்டுப் பொடிமாஸில் இறங்கியது. மூன்றாவதாக வந்தது குழம்புக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு பறந்தேவிட்டது. வந்ததில் நீ எது? மூன்றுமே நீதானா, இல்லை மூன்றில் எதுவுமே இல்லையா? காக்காயிடம் கேட்கிற நான், நீ இருந்தபோது உன்னிடம் ஏன் கேட்கவில்லை?

கடைசியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. கிழங்கை வேகவைத்து அப்படியே வைத்து, பக்கத்தில் மிளகாய்த்தூள், எலுமிச்சம்பழம், அரைத்த தேங்காய் எல்லாம் வைத்துவிட்டால், உனக்கு வேண்டிய மாதிரி நீயே செய்துகொள்வாய் அல்லவா? மாலதியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“ஏம்ப்பா, செத்தப்புறமுமா அம்மாவச் சமைக்கச் சொல்றீங்க?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

கீழே வந்ததும் மிச்சமிருந்த பொடிமாஸைத் தட்டில் போட்டுக்கொண்டு வழித்து வழித்துச் சாப்பிட்டாள். பசி என்று நினைத்தேன். “உங்க வூட்டுல அடிக்கடி செய்வியாம்மா?” என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“எங்க செய்யிறதுப்பா? உங்க மாப்பிள்ளைக்குக் காரமா வறுத்தாத்தான் எறங்கும். நானும் அதையே போட்டுக்குவேன். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

“பொடிமாஸ் சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு?”

விரலை நக்கிக்கொண்டே யோசித்தாள். “கல்யாணத்துக்கு முந்தி,” என்றாள்.

‘அதுவும் நல்லாத்தான் இருக்கும்.’ இதையே நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், தனம்? என் காதில் ஏன் விழவில்லை? மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறை சொல்ல முடியாது. என்னைப் பற்றியும் உன் அப்பா ஊரெல்லாம் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார்! இதை மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? ஒரு பொடிமாஸுக்குப் பஞ்சாயத்து வைக்கிறார் மாமனார் என்று நினைத்துவிடுவாரோ?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். புதன்கிழமை அடுப்படி என்னுடையது. உன் இலையில் மூன்றையும் வைக்கிறேன். பிடிக்காததைத் தொடாதே. எங்கள் மனசு கோணக் கூடாது என்று எதையும் விழுங்கி வைக்காதே. மூன்றுமே பிடிக்கவில்லை என்றால் மூன்றையும் ஒதுக்கு.

அதற்குப் பிறகு பந்தி போடும்போது, மாலதியை மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்து, அவள் இலையில் பொடிமாஸை நானே பரிமாறுவேன். “இது எம்பொண்ணுக்குப் புடிச்சதுங்க மாப்பிள்ள” என்று அவர் காதில் விழும்படி சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருஷம் கேட்காமலே சாப்பிட்ட உன் வீட்டுக்காரன்,
மாலதி அப்பா.