பழுப்புக்கரி எரிகிற விடுதியில் மச்சாள்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையே, என் அன்பு அண்ணா,

இங்கே வளைகுடாவில், மங்காஃபில் இன்றும் புழுதிக்காற்று. பக்கத்து பிளாட்டில் யன்னல் இடுக்குகளுக்கு டேப் ஒட்டுகிறார்கள். என்னோடு இங்கே இருந்த காலத்தில் அது உங்கள் வேலை. புழுதி உள்ளே வரக்கூடாது, ஏசிக் குளிர் வெளியே போகக்கூடாது.

அந்தப் பழக்கத்தைத்தான் செர்பியாவுக்கும் கொண்டுபோனீர்கள். மலையடிவாரத்தில் சின்னத் தங்குவிடுதி. புருசன் பெண்சாதியாக உங்களுக்கும் மச்சாளுக்கும் அங்கே சமையல் வேலை. அறையைச் சூடாக்கப் பழுப்பு நிலக்கரி போடும் இரும்படுப்பு. "கரியெண்டு சொல்லுறாங்கள். பார்த்தா மண்கட்டி மாதிரிக் கிடக்கு" என்று போனில் சிரித்தீர்கள். குளிருக்குப் பயந்து யன்னலை டேப்பால் அடைத்தீர்கள். புகைபோக்கியும் அடைபட்டிருந்ததாம். மணமே இல்லாத நச்சுவாயு வெளியேற வழியிருக்கவில்லை; படுத்த நீங்கள் எழும்பவேயில்லை. டூட்டியில் நின்றதால் மச்சாள் மட்டும் தப்பினார்.

அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். ஐரோப்பாவின் சில நாடுகளில் விடுதிகளும் கடைகளும் பள்ளிக்கூடங்களும் இன்னும் இந்தக் கரியில்தான் குளிர்காய்கின்றன. ஒரு நாடு தடை போடுகிறது, இன்னொன்று தள்ளிப்போடுகிறது. அறிக்கைகளில் நகரத்துக் காற்றைப் பற்றி நிறைய இருக்கிறது. வேலைக்காரர் படுக்கும் அறையைப் பற்றி யார் எழுதுவார்கள்?

மீண்டும் அங்கே பனி கொட்டுகிறது, அண்ணா. மச்சாள் அதே விடுதியில்தான் இருக்கிறார். வேறு அறை, அதே மாதிரி அடுப்பு. முதலாளி அடுத்த வருடம் மாற்றுவாராம். வேறு இடம் பாருங்கள் என்றால், "பெர்மிட் அந்தாளின்ர கையில எல்லோ. அங்க மாதிரி இங்கயும் விசாவைப் பிடிச்சு வைச்சிருக்கிற கபீல்தான், பேர்தான் வேற" என்கிறார்.

நச்சுவாயு வந்தால் ஒலிக்கும் கருவி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தேன். இன்று மத்தியானம் அலுவலகத்திலிருந்து மச்சாளுக்குப் போன் எடுத்து அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதோ? ஒரே கத்தல். கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிட்டன்."

"ஐயோ மச்சாள், கத்தினா வாயு இருக்கெண்டுதானே அர்த்தம்!"

"நித்திரை இல்லாம எப்பிடியடி டூட்டிக்குப் போறது? உன்ர கொண்ணரும் இப்பிடித்தான், எல்லாத்துக்கும் ஒரு சாமான் வாங்குவார்."

கெஞ்சினேன். கடைசியில் எழும்பி யன்னலைத் திறந்தார். அந்த ஊர்க் காற்று என் காதுக்குள் இரைந்தது.

"குளிருது சாந்தி. நீ போனை வை, நான் பூட்டப்போறன். பின்னேர டூட்டிக்கு முதல் கொஞ்சம் கண்ணயர வேணும்."

நான் வைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு காதில் இயர்போனோடு கணக்குப் பார்த்தேன். முதலில் இருமல் கேட்டது. பிறகு யன்னல் பூட்டும் சத்தம். பிறகு மூச்சு.

அந்த அடுப்பை என்னால் அணைக்க முடியவில்லை, அண்ணா. மச்சாளை இங்கே எடுப்பிக்கவும் வழி தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தப் பனி முடியும்வரை அவர் படுக்கும்போதெல்லாம் போனை வைக்க மாட்டேன். மூச்சுச் சத்தம் மாறினால் கத்தி எழுப்புவேன். எழும்புவாரா?

கேட்டுக்கொண்டே இருக்கும்
உங்கள் தங்கை
சாந்தி