பிளாஸ்திரி ஒட்டிய சுவிட்ச்

உன் கையெழுத்து என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆயுத பூஜைக்காக நம் வீடியோக் கடையைக் கழுவித் துடைத்தபோது, எடிட்டிங் மெஷினுக்குப் போகும் சுவிட்சின் மேல் நீ ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியை உரித்தேன். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே, அந்தப் பிளாஸ்திரி. அதில் நீலப் பேனாவால் 'கை வைக்காதே' என்று எழுதியிருந்தாய். ஓரம் கறுத்து, எழுத்தில் பாதி போயிருந்தது. முகர்ந்தால் லேசாக மருந்து வாசனை வந்தது, அல்லது வந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

உரித்தது நான், உரிக்கச் சொன்னது அண்ணி. உனக்குத் தெரியாது, நீ போன பிறகு உன் கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னோடு கல்யாணங்களுக்கு வருவது என் அண்ணிதான். மாவாட்டுவதைத் தவிர எந்த மெஷினையும் தொடாதவள் என்று நீ கேலி செய்வாயே, அதே அண்ணி. "வருஷம் முழுக்க ஓடுது. ஒரு நாளாவது அதுக்கு ரெஸ்ட் குடு. இல்லாட்டி பூஜை எதுக்கு?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. கேமராவும் விளக்கும் ஸ்டாண்டும் பொட்டு வைத்துக்கொண்டு பொரிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்க, இது மட்டும் ஏன் விளக்கை எரித்துக்கொண்டு நிற்க வேண்டும்? சுவிட்சை அணைத்தேன். யூபிஎஸ்ஸையும் அணைத்தேன். கேபினெட்டுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன்.

நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். நீ இருந்த கடைசிப் பூஜையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கேதான் பொட்டு வைத்தாய். "சாமி குத்தம்டி" என்றேன். "சாமிக்குத் தெரியும், நீ சும்மா இரு. ஓடிக்கினு இருக்கிறத நோண்டாத" என்றாய். திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு சுண்டலைத் தின்றேன்.

விஜயதசமி காலையில் மெஷினைப் போட்டேன். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில், அமைப்புகளைச் சரிபார் என்று ஒரு வரி வந்தது. ஒரு விசையைத் தட்டினேன். மறுபடி கறுப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த மெஷின் முதல்முறை எழுந்த நாள் நினைவிருக்கிறதா? வேங்கிக்காலில் இந்த அறையை எடுத்த புதிதில், மேக்கில்தான் எடிட் பண்ண வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஒரிஜினல் மேக் நம் கைக்கு எட்டவில்லை. சாதாரணக் கணினிக்கான பாகங்களை வாங்கித் தரையில் பாய் விரித்து நீயே பூட்டினாய். மேக்குக்கான மென்பொருளை அதில் ஏற்றுவதற்குப் பெயர் ஹாக்கின்டோஷ் என்று சொன்னபோது எனக்கு ஏதோ இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. பூட்லோடர் என்றால் என்னடி என்று கேட்டேன். "கல்யாணத் தரகர்டி. மாப்ளைகிட்ட பொண்ணு ஒரிஜினல்னுவான், பொண்ணுகிட்ட மாப்ள ஒரிஜினல்னுவான். ரெண்டும் நம்பிட்டா தாலி ஏறிடும்" என்றாய். தரகர் ஒன்பது நாள் நம்மை அலைய விட்டார். பத்தாம் நாள் பௌர்ணமி. வெளியே கிரிவலத்துக்கு வந்த பஸ்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு நிற்க, பகல் மூன்று மணிக்குத் திரையில் மேக்கின் முகப்பு வந்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்ததில் டீ முழுக்க என் புடவையில்.

இப்போது எனக்குப் பயமாகிப்போனதற்குக் காரணம் வேலை நின்றது மட்டுமல்ல. பூஜைக்கு முந்தின வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். ஐப்பசியில் உன் முதல் வருஷத் திதி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உன் நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த ஆதார் படத்தத்தாம்மா பெருசு பண்ணி மாட்டி வெச்சிருக்கோம். அதுல எம் பொண்ணு மாதிரியே இல்ல. யாரோ புடிச்சிக்கினு போனவ மாதிரி முழிக்கிறா. நீ ஊருக்கெல்லாம் படம் எடுக்கிறவ. திதிக்குள்ள நல்லதா ஒண்ணு குடும்மா."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தேடினேன். என் போனில் இருப்பதெல்லாம் உன் கடைசி மாதங்கள். தலையில் துண்டு, கன்னத்தில் எலும்பு. அதையெல்லாம் எந்த அம்மாவிடம் கொடுப்பது? அதற்கு முந்தியவை பழைய போனோடு போய்விட்டன. மாவட்டத்தில் பாதிப் பேரைப் படம் பிடித்த நீ, உன்னை ஒருவரையும் எடுக்க விட்டதில்லை. கேமராவைத் திருப்பினாலே உள்ளங்கையைக் காட்டுவாய்.

ஆனால் ஓரிடத்தில் நீ இருந்தாய். ஒவ்வொரு கல்யாணத்திலும் இரண்டு கேமராவும் ஓட ஆரம்பித்ததும் நடுவில் வந்து நின்று, ஊர் பெயரைச் சொல்லி, ஒரு தடவை 'பட்'டென்று கை தட்டுவாய். பிறகு எடிட் செய்யும்போது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இரண்டு கேமராப் படத்தையும் நான் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்துவேன். பொருத்தியதும் அந்த இரண்டு நொடியை வெட்டிவிடுவேன். எந்தக் கல்யாண வீட்டுக்கும் உன் முகம் போனதில்லை. வெட்டாத மூலப்படங்கள் எல்லாம் இந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தன.

டவுனிலிருந்து சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏன் மேடம் இன்னும் கட்டி அழுறீங்க? ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம். அரை நாள் வேலை."

"உள்ள இருக்கிற படமெல்லாம்?"

"அது போயிடும். ஹார்ட் டிஸ்க் மேக் முறையில இருக்குது, என் மெஷின் படிக்காதுங்க. மெட்ராஸ் எடுத்துக்கினு போனா யாராச்சும் பாப்பாங்க. கேரண்டி கிடையாது."

டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். பிறகு, மெஷினைப் பூட்டியபோது நீ குறித்துவைத்த நீள நோட்டை எடுத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ போன பிறகு முதல் தடவை.

உன் நோட்டைப் படிப்பது உன்னோடு சண்டை போடுவது மாதிரியேதான் இருந்தது. மெஷின் எழுவதற்கு முன்பே மாற்ற வேண்டிய அமைப்புகளில் முதலாவதாக 'பயாஸில் செக்யூர் பூட் ஆஃப்' என்று ஒரு வரி. அதிலிருந்து ஓர் அம்பு பக்கத்தின் அடிக்குப் போகிறது. அங்கே 'இல்லன்னா தரகரை உள்ளயே விடாது' என்று இருக்கிறது. டிஸ்க் எந்த முறையில் இருக்க வேண்டும், வரிசையில் முதலில் எது எழ வேண்டும், எல்லாவற்றுக்கும் அம்புகள், அடித்தல்கள், ஓரத்தில் ஒரு வாழைப்பூ வடைக் கணக்கு. ஒவ்வொன்றாக மாற்றினேன். முதல் நாள் சாயங்காலம் எழுத்துகள் ஓடிப் பாதி வழி வரை வந்தது. கண் எரிந்தது. வீட்டில் சமையல் ஆகவில்லை. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் மாற்றியது ஒன்றும் இல்லை. பழையபடி முதல் வரி. சேமிக்க மறந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பவும் செய்தேன். நடுவில் ஏதோ கடவுச்சொல் கேட்டது, அதற்கும் நோட்டில் வழி தேடினேன், சாயங்காலமாகிவிட்டது, அணைத்தேன். மூன்றாம் நாளும் அதே கதை. இடுப்பு வலித்தது. சொல்லப்போனால், எனக்கு அலுத்துவிட்டது. இந்த மெஷின் மேல் இல்லை, உன் மேல். எல்லாவற்றையும் உன் தலைக்குள்ளும் இந்த வடைக் கணக்குக்குள்ளும் வைத்துக்கொண்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். விண்டோஸே போட்டுவிடுவோம், ஆதார் படத்தையே கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுத்துவிடுவோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்போதுதான் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. பல வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. நேற்று அதைத் திருத்திவிட்டுத்தானே போனேன்? மெஷினைப் பொறுத்தவரை நீ இன்னும் இருக்கிறாய், நாம் இன்னும் கடையே திறக்கவில்லை. அணைக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும் போல இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. 'உள்ளே பொத்தான் பேட்டரி தீர்ந்துபோச்சு. கரன்ட் முழுசா நின்னா செட்டிங் எல்லாம் மறந்துடும். மாத்தணும். அதுவரைக்கும் சுவிட்ச்ல யாரும் கை வைக்கக் கூடாது.' கீழே இரண்டு கோடு.

உனக்குத் தெரிந்திருந்தது. பேட்டரியை மாற்றுவதற்குப் பதில் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாய்.

தேரடி வீதியில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் நாணயம் அளவில் ஒரு பேட்டரி வாங்கினேன். கேபினெட்டைத் திறந்து, பழையதை நகத்தால் நெம்பி, புதியதை அமுக்கினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிஷ வேலைடி. அதைச் செய்யாமல் அவ்வளவு நாள் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாய். கடை நடுவில் நின்று உன்னைச் சத்தமாகத் திட்டினேன். ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? அந்தப் பிளாஸ்திரி உனக்கு எங்கே கிடைத்தது என்று அன்று நான் கேட்கவில்லை. ஒன்றுவிட்ட தங்கை கல்யாணம் என்று சொல்லிவிட்டு நீ தனியாக வேலூருக்குப் போய் அக்குள் கட்டியைக் காட்டிவிட்டு வந்ததை, எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். உடனே வந்து படுங்கள் என்று சொன்னார்களாம். சீசன் முடியட்டும் என்றாயாம்.

நோட்டைப் பார்த்து எல்லா அமைப்புகளையும் இன்னொரு தடவை மாற்றினேன், அன்று மதியம் மெஷின் எழுந்தது. முகப்பு வந்தபோது கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. அண்ணி, "வந்துடுச்சா? அப்பாடா" என்று சொல்லிவிட்டுப் பூ கட்டப் போய்விட்டாள்.

மூலப்படங்களைத் தேதிவாரியாகத் திறந்தேன். முதலில் அடி அண்ணாமலையில் ஒரு நிச்சயதார்த்தம். நீ வந்து நிற்கிறாய், பெயரைச் சொல்கிறாய், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறாய். அடுத்தது, அதற்கடுத்தது. சிவப்புச் சுடிதார், கல்யாண வீட்டுச் சந்தனம், மழையில் நனைந்த முடி. நீ கேட்டால் கோபப்படுவாய், அவ்வளவு அழகாக இருந்தாய். ஆசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். போகப் போக உன் கை தலைக்கு மேலே வரவில்லை. முகத்துக்கு நேராக. பிறகு நெஞ்சுக்கு நேராக. வலது கை அசையாமல் நிற்க, இடது கை போய் அதைத் தட்டியது. கடைசி நான்கு கல்யாணத்தில் நீ கையே தட்டவில்லை. இடது உள்ளங்கையால் ஸ்டாண்டின் காலைத் தட்டிவிட்டு, "ம், எடு" என்கிறாய்.

இதையெல்லாம் பொருத்தியது நான். ஒவ்வொரு தடவையும் உன் கை சேர்கிற இடத்தை நிறுத்தி, முன்னே பின்னே நகர்த்திப் பார்த்து, சத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனித்து, வெட்டித் தள்ளியதும் நான்தான். நீ மறைத்தாய் என்று இத்தனை நாள் உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என் எதிரில் நின்று மாதாமாதம் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

அந்த நிச்சயதார்த்தப் படத்திலிருந்தே ஒன்றை எடுத்தேன். கை தட்டி முடித்த அடுத்த கணம். கை இறங்கிக்கொண்டிருக்கிறது, நீ சிரிக்கிறாய். கீழ்பென்னாத்தூருக்கு நானே கொண்டுபோனேன். உன் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுதான் எம் பொண்ணு. யாரப் பாத்தும்மா இப்படிச் சிரிக்கிறா?"

"என்னைத்தாம்மா. எதிர்ல கேமராவுல நான்தான் நின்னேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழத் தோன்றவில்லை, தூங்க வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் பஸ்ஸில் திரும்பினேன்.

தீபம் நெருங்குகிறது. ஊர் நிறைய ஆள் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மெஷின் நன்றாக ஓடுகிறது. தினமும் சாயங்காலம் தைரியமாக அணைத்துவிட்டுப் போகிறேன். உன் பிளாஸ்திரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். போன முகூர்த்தத்தில் அண்ணி இரண்டு கேமராவுக்கும் நடுவில் போய் நின்று கை தட்டினாள். நான் கேமராவை விட்டுவிட்டு அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அப்படிப் பாக்கற? சத்தம் கேக்கலயா?"

"கேட்டுச்சு அண்ணி. இன்னொரு தடவ தட்டுங்க. கைய நல்லா மேல தூக்கி."