செல்வியின் தலையில் தேய்த்த மண்ணெண்ணெய்

அக்கா,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னவன்தானே! தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டால் உன் மகள் செல்விக்குப் பேன் பிடிக்கும் என்றேன், பிடித்தது. சீயக்காய் பட்டாலே தடித்துச் சிவக்கிற தலை, எதுவும் ஒத்துக்காது என்றேன், அதுவும் பலித்தது.

இன்று விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றினேன். வாசம் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பாதி தரையில் கொட்டிவிட்டது. பக்கத்தில் செல்வியின் மகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

செல்வி சின்னவளாய் இருந்த அன்று, பேன் போகும்வரை பிள்ளையைக் கொண்டுவராதே என்று பிள்ளைக்காம்பரா ஆயா சொல்லிவிட்டாள். நீ தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் லயத்து வீட்டிலேயே இருந்தாய். எனக்கு வெள்ளைக்காரத் துரை பங்களாவில் புல்லு வெட்டுகிற வேலை. என்னைக் கேட்காமல் துரை தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார், தோட்டத்துக்கே தெரியும்.

"துரைசாணியே தன் மக தலைக்கு மண்ணெண்ணெய்தான் தேய்ச்சாங்க. என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"நெசமாவாடா?"

"வெள்ளைக்காரப் பிள்ளைக்கே ஒண்ணும் ஆகல. போக்கா!"

தேய்த்துத் துணியால் கட்டினாய். கொஞ்ச நேரத்தில் "எரியுதும்மா" என்று அலறிக்கொண்டு அவள் அடுப்புப் பக்கம் ஓடினாள். நீ பாய்ந்து இழுத்தாய். துணியை அவிழ்த்தால் நெற்றிவரை கொப்புளம். இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன.

"அம்மா, இருட்டா இருக்கு" என்றாள்.

சிறுத்தையையே கல்லெறிந்து விரட்டியவன் நான். அன்று கதவோரம் ஒதுங்கி நின்றேன். நீதான் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மழையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். நான் பின்னால் வந்தேன்.

"எந்த மடையன் சொன்னான் இதை?" என்று மருந்து ஐயா கத்தினார்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் தேய்ச்சேங்க ஐயா."

கண் திறக்க மூன்று நாள் ஆனது. புண் ஆறியபின் தேங்காயெண்ணெய் பூசி, தலவாக்கலையில் வாங்கிய பேன்சீப்பால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாரினாய். நான் அவசரப்படுத்தினால், "பேன் என்ன ரயிலுக்கா போகுது, இருடா" என்பாய்.

அந்தச் சீப்பு என்னிடம்தான் இருக்கிறது. இன்று தரையைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டு, உன் பேத்தியை உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் போட்டு வாரினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் "எரியுதா?" என்று கேட்டேன். "தாத்தா, பேசாம வாருங்க" என்கிறாள்.

"வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒத்துக்கிட்டது நம்ம பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று நீ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய். அக்கா, நான் பங்களா வாசல்படி ஏறியதே இல்லை. துரைசாணி மகள் தலையில் யார் எதைத் தேய்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நானாகக் கட்டிச் சொன்னேன்.