எடுத்துக்காட்டு: செல்வி

புரட்டாசி பௌர்ணமி, 1984

இன்று மாலை மலை சுற்றப் போனேன். அடி அண்ணாமலையைத் தாண்டும்போது ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது.

"மோர் குடிச்சிட்டுப் போங்க சாமி! இன்னும் பாதி மலை பாக்கி இருக்குது!"

நின்றவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். கிட்டே போனால், செல்வி. எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என் மாணவி.

போன வாரம்தான் ஆளுமை வகைகள் நடத்தினேன். 'அகமுகர்' என்று கரும்பலகையில் எழுதி, தனக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும் சுபாவம் என்று விளக்கி, பக்கத்தில் 'எ.கா: செல்வி' என்றும் எழுதினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

"வகுப்புல மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கிறியே?" என்றேன்.

"மொத நாள் பேசினேனே டீச்சர். எம் பேச்சக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க."

"யாரு? பேரைச் சொல்லு, கண்டிக்கிறேன்."

மோர் டம்ளரை என் கையில் கொடுத்தாள். "கோச்சிக்காதீங்க டீச்சர். மொதல்ல சிரிச்சது நீங்கதான்."

எனக்கு அது நினைவில்கூட இல்லை. மீதி மலையைத் தலை நிமிராமல் நடந்தேன்.

நாளைக்குப் போனதும் அழித்துவிடலாம் என்று பார்த்தால், கரும்பலகையை அன்றைக்கே அழித்தாயிற்று. வகுப்பில் எல்லார் நோட்டிலும் இருக்கிறது. அவள் நோட்டிலும், அவள் கையெழுத்திலேயே.