பச்சை பிடித்த வார்த்தைகள்

கைப்பையைப் போட்டு எனக்கு எப்போதும் ஜன்னலோர இடம் பிடித்து வைத்த என் வசந்தா அக்காவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கை வருகிறது. பழக்கம். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். நம் திருக்காட்டுப்பள்ளிப் பேருந்து இப்போதும் அதே நேரத்துக்குத்தான் திருவையாற்றில் கிளம்புகிறது. போன வாரம் சும்மா ஏறிப் போய்விட்டு வந்தேன். எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் வார்த்தைக்காக ஒருவரும் சண்டை போடவில்லை.

நாம் போட்டோமே, அக்கா. பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு வரப்போகிறது என்று தெரிந்தபோது அறிவியல் ஆசிரியைகளாக இருந்தது நாம் இரண்டு பேர். இருவருமே தமிழ்வழியில் படித்தவர்கள். "பயந்து என்ன ஆகப்போவுது எழில், தினம் ஒரு வார்த்தை படிப்போம்" என்று ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்தான். ஆளுக்கொரு கடினமான வார்த்தையை அகராதியில் பார்த்துக் கொண்டுவர வேண்டும். நடுக்காவேரி வருவதற்குள் அடுத்தவர் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அர்த்தம் மட்டும் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். அகராதியில் இருக்கிற வார்த்தை நாற்றங்காலில் நிற்கிற நாற்று மாதிரி என்பீர்கள். பிடுங்கி நம் வயலில் நட்டு, அது வேர்விட்டு நிமிர்ந்தால்தான் பயிர். "பச்சை பிடிச்சிடுச்சா?" என்று மறுநாள் மறக்காமல் கேட்பீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எதையும் துளி பிசகாமல் செய்கிறவருக்குச் சொல்லும் 'மெட்டிகுலஸ்' எனக்கு மனதில் நிற்கவே இல்லை. நம் கண்டக்டர் கடைசிப் படியில் நிற்பவரின் காலைக்கூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். அவரை வைத்து வாக்கியம் சொன்னேன், பிடித்துக்கொண்டது. நீங்கள் அதை அவரிடமே போய்ச் சொன்னீர்கள். "திட்டுறீங்களா டீச்சர்?" என்றார் பாவம்.

பிறகுதான் பணிநிரவல் வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அறிவியலுக்கு ஓர் ஆசிரியை போதும், மற்றவர் பேராவூரணிப் பக்கம் போக வேண்டும் என்றார்கள். என் கணவர் சிங்கப்பூரில், என் இடுப்பில் கைக்குழந்தை. உங்களுக்கோ அத்தானின் வேலையும் வீடும் இங்கே. ஆங்கிலவழி வகுப்பை யார் நன்றாக நடத்துகிறாரோ அவருக்கே இந்த இடம் என்று சொல்லிவிட்டு, அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார்.

மந்த வாயுக்கள் பாடம். மற்றவற்றோடு சேர அவை 'ரிலக்டன்ட்' என்று புத்தகத்தில் இருந்தது. இந்த வார்த்தை பிள்ளைகளுக்குப் புரியும்படி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று முதலில் உங்களைத்தான் கேட்டார். இனி இடம் உங்களுக்குத்தான் என்று நினைத்தேன். ஏனென்றால் அது நீங்களே எனக்கு நட்டுக் கொடுத்த வார்த்தை. நீங்கள் பிறந்தது அதே பேராவூரணிப் பக்கம், பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடையில். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மனமில்லாமல்தான் வந்து சேரும் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள்.

அன்றைக்குக் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு, "வரலைங்க சார். எழில் டீச்சரக் கேளுங்க" என்றீர்கள். என் வாயில் உங்கள் வாக்கியம்தான் வந்தது. இடம் எனக்குக் கிடைத்தது.

திரும்பி வரும்போது, மறந்துவிட்டதா அக்கா என்று கேட்டேன். "அட போடி, எங்கம்மா அங்க தனியாக் கெடக்கு. நானே கேட்டு வாங்கிப் போயிருப்பேன்" என்றீர்கள். இத்தனை வருடமும் அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

உங்கள் படத்திறப்பு அன்று உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஆசைப்பட்டு வந்த ஊராயிற்றே என்று ஆறுதலுக்குச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆசைப்பட்டா? ஆர்டரக் கையில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டேல்ல வந்தா. மாப்பிள்ளைய விட்டுட்டு வந்து ஒழுங்கா சாப்பிடக்கூட இல்ல" என்றார்கள்.

அப்படியென்றால் அந்த வாக்கியம் உங்களுக்கு அன்று தெரிந்துதான் இருந்ததா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன் என்றா? என் மகனை நான் என் கையாலேயே வளர்த்தேன், அக்கா. இப்போது அவனுக்கே ஒரு பெண் குழந்தை. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீங்கள் அங்கே போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வார்த்தை மாற்றிக்கொண்டோமே, அதை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார்களாம். "எனக்கு ஒண்ணும் புரியாது. அவ சிரிக்கிறதக் கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்ப ஞாயித்துக்கெழமன்னா வீடே என்னமோ மாதிரி இருக்கு" என்றார்கள்.

அதனால் இந்த வாரத்திலிருந்து அம்மாவுக்கு நான் போன் செய்கிறேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் அதற்கொரு வாக்கியமும் சொல்வேன். அவர்கள் இருக்கும்வரை ஒரு ஞாயிறுகூட விட மாட்டேன். உங்களைப் போல் சிரிக்க மட்டும் எனக்கு வராது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
எழில்