வீட்டு லேப்டாப் வாயை மூடிக்கொண்டது

வெள்ளிக்கிழமை, கிள்ளான்.

போன தீபாவளிக்கு என் மனைவி சாந்திக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு தையல் மெஷின் தேடினேன். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். மறுநாள் அவள் சமையல் குறிப்பு பார்க்கப் போனால், பக்கம் முழுக்கத் தையல் மெஷின் விளம்பரம். "யாருக்குங்க இது?" என்று கேட்டே விட்டாள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அவளிடம் சொல்லாமல் பினாங்கில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் போட ஆசை. காலையில் ரயிலில், கூட வேலை செய்யும் குமாரிடம் புலம்பினேன்.

"அண்ணே, ஒரு ஆட் பிளாக்கர் போடுங்க லா. விளம்பரம் வராது. நீங்க எதைத் தேடுறீங்கன்னு எவனும் பின்னாலயே வரமாட்டான். பக்கமும் டக்குனு தொறக்கும்," என்றான்.

சாயங்காலம் வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். பிளாக்கர் ஏற்கெனவே இருந்தது. மூன்று நாளைக்கு முன்பு போட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போடவில்லை.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் சாந்தி, அடுப்படியிலிருந்து.

"ஒண்ணுமில்ல. லேப்டாப் வேகமா இருக்கு."

"ஆமா, எனக்கும் தோணுச்சு," என்று சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

அவள் எதைத் தேடியிருப்பாள்? நான் ரூம் போட்டுவிட்டேன். அதே நாளில் அவளும் எங்காவது போட்டிருந்தால்? கேட்கவும் முடியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்குவதாகப் பேர். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது.