நிகழ்தகவும் என் தலையாட்டலும்

பிப்ரவரி 3

பாடம் கேட்க ஆள் வேண்டும் என்று மகள் என்னைத் தேர்ந்தெடுத்தாள். பெருமையில் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல் இருந்தது. ஏன் என்னை என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கணக்கே தெரியாத ஒருத்தருக்குச் சொல்லிப் புரிய வச்சாத்தான் நமக்குப் புரிஞ்சுதுன்னு அர்த்தமாம். பேராசிரியர் சொன்னார். நம்ம வீட்ல நீங்கதான்ப்பா இருக்கீங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி உள்ளேயிருந்து, "தங்கமான மனுஷன்," என்றாள். பேராசிரியரைத்தான்.

விஷயம் விளையாட்டில்லை. நிகழ்தகவுத் தாளில் மகள் ஒரு முறை தோற்றாயிற்று. 24ஆம் தேதி வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் துறையைவிட்டே அனுப்பிவிடுவார்கள். நாலு பேர் எதிரே உட்கார்ந்து "ஏன்?" என்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் கொடுத்த சொத்து.

பிப்ரவரி 5

முதல் பாடம். ஒரு பையில் சிவப்புப் பந்துகளும் கறுப்புப் பந்துகளும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும்.

"கண்ணை ஏம்மா மூடணும்?" என்றேன். கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பிழைப்பவன் வேறென்ன கேட்பான்?

அவ்வளவுதான். பாதியில் திக்கி நின்றாள், கண் கலங்கிவிட்டது. முடிவு செய்துவிட்டேன்: இனிக் கேள்வியே கிடையாது. பிள்ளை தைரியமாகச் சொல்லிக்கொண்டு போகட்டும். தலையை ஆட்டுவது என் பொறுப்பு.

பிப்ரவரி 9

பகடையின் எதிர்பார்ப்பு மதிப்பு மூன்றரையாம். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் மூன்றரை இல்லை. வராததை எதிர்பார்க்கவா பல்கலைக்கழகம்? அதைக் கல்யாணமான நாள் முதல் நான் வீட்டிலேயே செய்துவருகிறேன்.

தலையாட்டினேன்.

"சூப்பர்ப்பா! டக்குனு புடிச்சுக்கிறீங்க!"

எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பிப்ரவரி 12

திட்ட விலக்கம். கழுத்து வலி.

பிப்ரவரி 14

துறையில் ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். ஒரே ஒரு "ஏன்?" — அதோடு சரி, வாயே திறக்கவில்லையாம். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்பாவுக்கே புரிஞ்சுது, அப்போ எனக்கு நல்லாத் தெரியும்னு நம்பிப் போனேம்மா," என்று தாயிடம் சொல்கிறாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். எனக்கே ஒன்றும் புரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே?

பிப்ரவரி 15

மதியம் கடைக்கு வந்தாள். ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் "தெளிவாத் தெரியுது தம்பி" என்கிறார். பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டு, "இப்போ?" என்றேன். "ஆகா! இதுதான் பிரமாதம்!"

"பாத்தியா? தெரியலைன்னு சொல்ல வெக்கம். ஆளு நிஜம் சொல்றாரான்னு தெரியணும்னா வெறும் கண்ணாடியைப் போட்டுப் பாத்துடணும்," என்று மகளிடம் தொழில் ரகசியம் பேசினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு நாள் கழித்துச் சிரித்த முகம். சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 16

மாட்டிக்கொண்டேன்.

"மழை வர்றதுக்கு நிகழ்தகவு முக்கால். பஸ் லேட்டா வர்றதுக்கும் முக்கால். ரெண்டும் சேர்ந்து நடக்கறதுக்கு ஒண்ணரை. சரியாப்பா?"

தலையாட்டினேன். கொஞ்சம் அழுத்தமாகவே.

பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா. அது வெறும் கண்ணாடி."

மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. மகள் சிரிக்கவில்லை.

"நிகழ்தகவு ஒண்ணைத் தாண்டவே தாண்டாது. முதல் நாளே சொன்னேன். புரிஞ்சாலும் ஆட்டுறீங்க, புரியாட்டாலும் ஆட்டுறீங்க. அப்போ உங்க தலை ஆடுறதை வச்சு எனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமே தெரி—"

பாதியில் நிறுத்திவிட்டு வேகமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். நிபந்தனை நிகழ்தகவு என்று ஒரு பாடமாம், ஒன்று நடந்தது தெரிந்தால் இன்னொன்றின் வாய்ப்பு மாறுமா என்பதாம். நான் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறேனாம். எதற்கும் தலையாட்டவில்லை.

பிப்ரவரி 19

புதுச் சட்டம்: புரியாவிட்டால் "புரியலை" என்றே சொல்ல வேண்டும். சொன்னேன். தலையணை பறந்து வந்தது.

"இதுல புரியாம என்னப்பா இருக்கு?"

"ரெண்டும் சேர்ந்து நடக்கணும்னா ஏன் பெருக்கணும்? ஏன் கூட்டக் கூடாது?"

எழுந்து போய்விட்டாள். போச்சு, மறுபடி அழவிட்டேன் என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க, காகிதம் முழுக்கக் கட்டம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "இப்போ கேளுங்க, பாக்கலாம்!"

பிப்ரவரி 24

தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் நான். கடிக்க நகம் மிச்சமில்லை. வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நிபந்தனை நிகழ்தகவுக்குச் சொந்தமா ஒரு உதாரணம் கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

"எல்லாத்துக்கும் தலையாட்டுற ஒருத்தரைப் பத்திச் சொன்னேன். 'ஏன்?'னு கேட்டாங்க. சொன்னேன். மறுபடி 'ஏன்?' அதுக்கும் சொன்னேன்."

"ஐயையோ. ஆளு யாருன்னு சொல்லலியே?"

"சொல்லலை. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார்னு மட்டும் சொன்னேன்."

கதவு திறந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. பழக்கதோஷம், நாலு பேருக்கும் தலையாட்டினேன்.

பிப்ரவரி 27

பாஸ்! மனைவி வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே மகள், "இனிமே உங்களுக்கு விடுதலைப்பா," என்றாள். அப்பாடா என்றேன். அது அவ்வளவு நன்றாக வரவில்லை.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் தடுமாறினாளாம், அது உறுத்திக்கொண்டே இருந்ததாம். சுவரில் சாய்ந்தபடி சொல்ல ஆரம்பித்தாள். காசைப் பத்து முறை சுண்டினால் எட்டுத் தலை விழலாம். பத்தாயிரம் முறை சுண்டினால் எண்ணாயிரம் தலை விழாது, சுண்டச் சுண்டப் பாதிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஏன் என்றும் சொன்னாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"புரிஞ்சுதாப்பா?"

"புரியலைம்மா. இன்னொரு தடவை சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது என்பதை நான் சொல்லவில்லை.